போலீஸ்காரர் கல்லூரிக்குப் போன கதை

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் போலீஸ் படிப்பு வந்த வரலாறு பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

சமுதாயக் கல்லூரி என்பது நம் பாலிடெக்னிக் மாதிரியா?

ஓரளவுக்கு. குறைந்த கட்டணத்தில், வீட்டிலிருந்தே போய்வந்து இரண்டு வருடம் படிக்கலாம். அப்படியே வேலைக்கும் போகலாம், பல்கலைக்கழகத்துக்கு மாறி மேலே படிக்கவும் செய்யலாம். இந்த வகை அரசுக் கல்லூரிகளில் மூத்தது 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கியது.

போலீசுக்குப் படிப்பு தேவை என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆகஸ்ட் வோல்மர் என்று ஒருவர் இருந்தார். தபால்காரராக வேலை பார்த்தவர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. 1905இல் ஊர்க் காவல் பொறுப்புக்குத் தேர்தலில் ஜெயித்து வந்தார். 1908இல் தன் காவலர்களுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கி, பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கூட்டிவந்து சட்டமும் சாட்சியமும் சொல்லிக்கொடுக்க வைத்தார். பிற்பாடு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவரே பேராசிரியரானார். இந்த மனிதரை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். தனக்குக் கிடைக்காத படிப்பைத் தன் ஆட்களுக்கு வாங்கிக்கொடுத்தவர்.

1930இல் அதே கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் இரண்டு வருடப் போலீஸ் படிப்பே வந்துவிட்டது.

அப்புறம் நாடு முழுக்க எப்படிப் பரவியது?

மத்திய அரசின் பணத்தால். 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியும் 1967இல் டெட்ராயிட் நகரமும் கலவரத்தில் பற்றி எரிந்தன. ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குழு, போலீஸ்காரர் எல்லோரும் பட்டதாரிகளாக வேண்டும் என்பதே கடைசி இலக்கு என்று 1967இல் சொன்னது. அடுத்த ஆண்டு இதற்குப் பணம் தரும் சட்டம் வந்தது, அதற்கடுத்த ஆண்டு கல்விக் கடன் கைக்கு வந்தது. படித்துவிட்டுப் போலீஸ் வேலையில் இருந்தால் வருடத்துக்குக் கால்வாசிக் கடன் தள்ளுபடி. நாலு வருடத்தில் முழுக் கடனும் தீர்ந்துவிடும்!

ஷிப்ட் வேலைக்காரர்களுக்காகச் சில இடங்களில் ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் நடத்தினார்கள். இந்த வாரம் பகல் டியூட்டி என்றால் மாலை வகுப்பு, அடுத்த வாரம் இரவு டியூட்டி என்றால் காலை வகுப்பு. பாடம் விட்டுப்போகாது.

அவசரத்தில் தொடங்கியதால் தரம் கெடவில்லையா?

கெட்டது, மறைக்க ஒன்றுமில்லை. குற்றவியல் அறிஞர் லாரன்ஸ் ஷெர்மன் முன்னின்று தயாரித்த 1978ஆம் ஆண்டு அறிக்கை அதை உடைத்துச் சொன்னது. பல இடங்களில் பாடம் எடுத்தவர்கள் பகுதிநேரமாக வந்த போலீஸ்காரர்கள். போலீஸ் பயிற்சி அகாடமியில் சொல்லித்தரும் ரோந்தும் ரிப்போர்ட் எழுதுவதுமே கல்லூரியிலும் பாடமாக ஓடியது. இரண்டு வருடத்தோடு முடிந்துபோகும் இந்தப் படிப்புகளைப் படிப்படியாக நிறுத்துங்கள் என்றே அறிக்கை கேட்டது.

நோய் இன்னதென்று அறிக்கை சரியாகத்தான் கண்டது. மருந்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சி வேறு, கல்வி வேறு. கைவிலங்கு மாட்டுவது பயிற்சி. யாருக்கு, எதற்காக மாட்டுகிறோம் என்று யோசிக்க வைப்பது கல்வி. நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பெண்ணுக்கும் மெக்கானிக் பையனுக்கும் பக்கத்தில் ஒரு காவலர் உட்கார்ந்து வரலாறும் உளவியலும் படிக்க, சம்பளத்துக்கும் நேரத்துக்கும் ஒத்துவந்த இடம் சமுதாயக் கல்லூரிதான். பாடத்தைத் திருத்தியிருக்கலாம். அதற்காகக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்க வேண்டாம்.

இப்போது டிகிரி கட்டாயமா?

பெரும்பாலான ஊர்களில் பள்ளிப் படிப்பே போதும். மின்னசோட்டா மட்டும் 1970களின் கடைசியிலேயே, போலீஸ் வேலைக்கான உரிமம் பெற இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று விதி வைத்தது. கலிபோர்னியாவிலும் வட கரோலினாவிலும் போலீஸ் அகாடமிகள் பலவற்றை இன்றும் சமுதாயக் கல்லூரிகளே நடத்துகின்றன.