பச்சைப் புள்ளி எரிகிறதா? முதலில் ஆப்பின் பெயரைப் பாருங்கள்

கேள்வி: என் போனில் ஆண்ட்ராய்டு 13 இருக்கிறது. சில நாட்களாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி வந்து வந்து போகிறது. நான் யாரிடமும் போனில் பேசாதபோதும் வருகிறது. போன வாரம் வீட்டில் வெட் கிரைண்டர் வாங்குவதைப் பற்றிப் பேசினோம். மறுநாளே போனில் கிரைண்டர் விளம்பரம்! யாராவது ஒட்டுக் கேட்கிறார்களா? எல்லா ஆப்புக்கும் மைக் அனுமதியை எடுத்துவிடலாமா? – திண்டுக்கல் வாசகி ஒருவர்

பதில்: அந்தப் புள்ளியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஏதோ ஓர் ஆப் இந்த நொடியில் மைக்கையோ கேமராவையோ திறந்து வைத்திருக்கிறது என்று உங்கள் போனே காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-லிருந்து இந்த வசதி உண்டு. மைக்குக்கும் பச்சைதான், கேமராவுக்கும் பச்சைதான். ஐபோனில் 2020-ல் ஐஓஎஸ் 14-உடன் வந்தபோதே நிறத்தைப் பிரித்துவிட்டார்கள்: மைக் மட்டும் என்றால் ஆரஞ்சு, கேமரா என்றால் பச்சை. ஐபோனுக்குச் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "பச்சை எரிந்தால் கேமரா ஓடுகிறது" என்று ஆண்ட்ராய்டுக்காரர்கள் பதறுவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் போனில் எரிவது எது என்று பார்க்க, புள்ளி தெரியும்போதே மேலிருந்து திரையைக் கீழே இழுங்கள். புள்ளி விரிந்து, பச்சைப் பட்டைக்குள் மைக் படமோ கேமரா படமோ தெரியும். அதைத் தட்டினால் எந்த ஆப் என்று பெயர் வரும். ஆப் மைக்கை விட்ட சில நொடிகளில் இந்தப் பெயரும் மறைந்துவிடும். அதனால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் கிடைக்காது. ஐபோனில் வலது மேல் மூலையிலிருந்து இழுத்து கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால் மேலேயே ஆப்பின் பெயர் இருக்கும்.

தவறவிட்டாலும் பரவாயில்லை, போன் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் மேலே உள்ள தேடல் பெட்டியில் "பிரைவசி டாஷ்போர்டு" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் இதை ஒவ்வொரு மெனுவுக்குள் ஒளித்து வைத்திருப்பதால் தேடுவதுதான் குறுக்கு வழி. அதில் மைக்ரோபோனைத் தட்டினால், கடந்த 24 மணி நேரத்தில் எந்த ஆப் எத்தனை மணிக்கு மைக்கைத் தொட்டது என்று வரிசையாக வரும். ஆண்ட்ராய்டு 13-ல் ஏழு நாள் கணக்கையும் பார்க்கலாம். ஐபோனில் இதற்கு ஆப் பிரைவசி ரிப்போர்ட் என்று பெயர். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் அடியில் இருக்கும். அதை நாம் ஒருமுறை ஆன் செய்த பிறகுதான் அது எழுதவே ஆரம்பிக்கும். இன்றே ஆன் செய்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் நேரத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். காலை 11.20-க்கு வாட்ஸ்அப் மைக்கை எடுத்திருக்கிறது, அப்போது நீங்கள் தங்கைக்கு வாய்ஸ் அனுப்பினீர்கள் என்றால் கதை முடிந்தது. இரவு 2.40-க்கு ஒரு டார்ச் லைட் ஆப் எடுத்திருந்தால் அதை உடனே தூக்கி எறியுங்கள்.

பேசாதபோதும் எரிகிறதே என்கிறீர்கள். பெரும்பாலும் பின்னால் சாதாரணக் காரணம் இருக்கும். கீபோர்டில் உள்ள மைக் பட்டனில் விரல் பட்டு வாய்ஸ் டைப்பிங் திறந்திருக்கும். வாட்ஸ்அப் கால் இன்னும் துண்டிக்கப்படாமல் இருக்கும். ஸ்கிரீன் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். குரோமில் திறந்த ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ மைக் அனுமதி கொடுத்திருப்பீர்கள். அப்போது புள்ளியைத் தட்டினால் தளத்தின் பெயர் வராது, குரோம் என்றுதான் வரும். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், மைக்ரோபோன் என்று போனால் எந்தத் தளம் என்று தெரியும். "ஹே கூகுள்" என்று கூப்பிடுவதற்காகப் போன் காத்திருக்கும் நேரத்தில் புள்ளி எரியாது. அந்தச் சொல்லை மட்டும் கவனிப்பது தனி ஏற்பாடு. போன் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து விழித்துக்கொண்டால்தான் எரியும். டிவியில் ஓடும் குரலைக் கேட்டு அப்படி விழிப்பதும் உண்டு.

இனி அனுமதிகள். எல்லா ஆப்பிலிருந்தும் பிடுங்குவது தேவையில்லாத வேலை. செட்டிங்ஸ் தேடலில் "பெர்மிஷன் மேனேஜர்" என்று அடித்து மைக்ரோபோனைத் திறந்தால், அனுமதி உள்ளவை ஒரு பட்டியல், மறுத்தவை இன்னொரு பட்டியல். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஆப்பில் என் குரலை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேனா? வாட்ஸ்அப், கூகுள் மீட், வாய்ஸ் டைப்பிங் செய்தால் கீபோர்டு, இவற்றுக்கு ஆம். காலண்டர், ராசிபலன், போட்டோ எடிட்டர், சீட்டாட்டம், கால்குலேட்டர் இவற்றுக்கு இல்லை. பணம் அனுப்பும் ஆப்களைப் பலரும் தொடப் பயப்படுகிறார்கள். கியூஆர் ஸ்கேன் செய்யக் கேமரா போதும், பணம் போக மைக் தேவையே இல்லை. ஷாப்பிங் ஆப்களும் குரலில் தேடுவதற்காகத்தான் கேட்கின்றன. டைப் செய்து தேடுபவருக்கு அது வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் மைக்குக்கு மூன்று தேர்வுகள்தான்: ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் கேள், அனுமதிக்காதே. லொகேஷனுக்கு இருப்பதுபோல் "எப்போதும்" என்ற தேர்வு மைக்குக்குக் கிடையாது. ஆனால் "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆப் திறந்திருக்கும்போது ஆரம்பித்த ரெக்கார்டிங், மேலே ஒரு நோட்டிஃபிகேஷனைக் காட்டிக்கொண்டே திரை அணைந்த பிறகும் தொடரலாம். வாய்ஸ் ரெக்கார்டரும் மேப்பும் அப்படித்தான் பின்னணியில் ஓடுகின்றன. உங்கள் ஆண்ட்ராய்டு 13-ல் மேலிருந்து இரண்டு முறை இழுத்தால் அடியில் "ஆக்டிவ் ஆப்ஸ்" என்று எண்ணோடு ஒரு வரி வரும். அதைத் தட்டினால் பின்னணியில் ஓடுபவை தெரியும், பக்கத்திலேயே ஸ்டாப் பட்டனும் இருக்கும். கம்பெனியைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறும். எப்போதாவது மட்டும் பயன்படுத்தும் ஆப்புக்கு "ஒவ்வொரு முறையும் கேள்" என்று வைப்பது நல்லது. ஐபோனில் ஆப்புக்கு ஓர் ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும்தான்.

அனுமதியை எடுத்த பிறகு வழக்கமாக வரும் புகார் ஒன்று: "மைக் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை." ஓர் ஆப்புக்கு இரண்டு முறை மறுத்துவிட்டால், ஆண்ட்ராய்டு 11-லிருந்து அது மறுபடி கேட்க முடியாது. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோ, பெர்மிஷன்ஸ், மைக்ரோபோன் என்று போய் நாமே திறந்துவிட வேண்டும்.

ஒரேயடியாக அடைக்கவும் வழி உண்டு. மேலிருந்து இழுத்தால் வரும் குயிக் செட்டிங்ஸில் பென்சில் படத்தைத் தட்டி, "மைக் ஆக்சஸ்" என்ற கட்டத்தை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆஃப் செய்தால் ஆப்களுக்கு வெறும் மௌனம்தான் போகும். இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும்: மைக்கை மூடினால் அசைவை உணரும் சென்சாரின் வேகத்துக்கும் போன் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அளவீடுகள்) என்று வரம்பு வைத்துவிடுகிறது. பேச்சின் அதிர்வை அந்த வழியாகத் திருடலாம் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. இதை ஆஃப் செய்துவிட்டு மறப்பவர்கள்தான், "நான் பேசுவது எதிரே கேட்கவில்லை, மைக் போய்விட்டது" என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள். போவதற்கு முன் இந்தக் கட்டத்தை ஒரு பார்வை பாருங்கள்.

நிஜமாகவே கவலைப்பட வேண்டியது வேறோர் இடம். வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை", "டிராஃபிக் அபராதம்" என்ற பெயர்களில் ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பை நிறுவும் ஃபைல்) வருகிறது. அதை யாராவது நிறுவியிருந்தால், அது முதலில் குறிவைப்பது மைக்கை அல்ல, எஸ்எம்எஸ்ஸையும், திரையைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தட்டவும் விடும் அக்சஸிபிலிட்டி அனுமதியையும்தான். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டியைத் திறந்து, டவுன்லோடட் ஆப்ஸ் பகுதியில் தெரியாத பெயர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்", "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" இரண்டையும் தேடுங்கள். இரண்டாவதில் வாட்ஸ்அப்பும் குரோமும் ஆஃபில் இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பிளே புரொடெக்ட், ஸ்கேன் கொடுங்கள். நீக்க மறுக்கும் ஆப்பின் அட்மின் உரிமையை முதலில் எடுத்துவிட்டு, சேஃப் மோடில் (நாம் நிறுவிய ஆப்கள் ஓடாத நிலை) போய் நீக்குங்கள். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பழைய போனில் புள்ளி வசதி இல்லையென்று அதற்காக ஓர் ஆப்பைத் தேடிப் போடுபவர்களும் உண்டு. அந்த ஆப்களே அக்சஸிபிலிட்டி அனுமதியைக் கேட்கும். கதவுக்குக் காவல் வைக்கப் போய்ச் சாவியைக் கொடுத்த கதைதான்.

கடைசியாக, கிரைண்டர். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாக ஒலியைப் பதிவு செய்து அனுப்பிய ஓர் ஆப்பும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு: சில ஆப்கள் திரையில் நாம் செய்வதைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தன. விளம்பரத்துக்கு உங்கள் குரல் தேவைப்படுவதில்லை. வீட்டில் ஒரே வைஃபையில் இருக்கும் யாரோ ஒருவர் அன்று இரவே கிரைண்டர் விலையைத் தேடியிருப்பார்; அதே இணைப்பில் இருக்கும் உங்கள் போனுக்கும் அந்த விளம்பரம் வந்திருக்கும். செட்டிங்ஸில் கூகுள், ஆட்ஸ் என்று போய் விளம்பர ஐடியை (விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணும் குறியீடு) நீக்குங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு லொகேஷனை நிறுத்துங்கள். ஐபோனில் டிராக்கிங் பகுதியில் "அலவ் ஆப்ஸ் டு ரிக்வெஸ்ட் டு டிராக்" என்பதை ஆஃப் செய்யுங்கள். இதன் பிறகும் விளம்பரம் வரும், ஆனால் உங்களைப் பார்த்துச் செய்ததுபோல் இருப்பது குறையும். அந்தக் கிரைண்டரை வாங்கியே விட்டாலும், இன்னும் சில நாள் கிரைண்டர் விளம்பரம் துரத்திக்கொண்டுதான் இருக்கும்.