ஈரான் அணுசக்தி ஒப்பந்தம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். கச்சா எண்ணெய்க் கப்பல்களின் காப்பீட்டு ஆவணங்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவன் நான். ஈரான் மீதான தடைகள் ஏறுவதும் இறங்குவதும் எனக்குச் செய்தி மட்டுமல்ல, அன்றாட வேலையாகவும் இருந்தது. 2015 வியன்னா ஒப்பந்தத்திலிருந்து 2025 அக்டோபரில் அதை ஏற்ற ஐ.நா. தீர்மானத்தின் கெடு முடிந்தது வரை கேளுங்கள். அதற்குப் பிறகு என்ன என்று ஆரூடம் சொல்ல மாட்டேன். ஒரு வேண்டுகோள்: செறிவூட்டல் சதவீதத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வாதாட வராதீர்கள். ஏன் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

சார், அந்த ஒப்பந்தத்தில் அப்படி என்னதான் இருந்தது?

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முடிவானது. ஒரு பக்கம் ஈரான். எதிர்ப்பக்கம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா, கூடவே ஐரோப்பிய ஒன்றியம். 15 ஆண்டுகளுக்கு 3.67 சதவீதத்துக்கு மேல் யுரேனியத்தைச் செறிவூட்டுவதில்லை, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டாது, செறிவூட்டப் பயன்படும் சுமார் 19,000 மையவிலக்கு இயந்திரங்களை 6,104 ஆகக் குறைப்பது என்று ஈரான் ஒப்புக்கொண்டது. அராக் அணு உலையின் மையப்பகுதியைக் கழற்றி கான்கிரீட் ஊற்றி மூடினார்கள். பதிலுக்கு 2016 ஜனவரி 16 அன்று அணுசக்தி தொடர்பான பொருளாதாரத் தடைகள் விலகின. ஈரான் மனம் மாறி குண்டை நோக்கி ஓடினாலும், ஒரு குண்டுக்குத் தேவையான யுரேனியத்தைச் சேர்க்க இரண்டு மூன்று மாதத்துக்குப் பதில் ஒரு வருடமாவது ஆகவேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

இது அமெரிக்க செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கை அல்ல, அரசுகள் ஒன்றுக்கொன்று கொடுத்த அரசியல் வாக்குறுதி என்பதையும் மறக்காதீர்கள். அதனால்தான் 2018 மே 8 அன்று ஒரு அதிபரின் ஒற்றைக் கையெழுத்தில் அமெரிக்கா வெளியேற முடிந்தது.

ஒப்பந்தம் முறிந்த பிறகும் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டல் வரைதானே போனது? குண்டுக்கு 90 வேண்டுமே. இன்னும் மூன்றில் ஒரு பங்கு தூரம் பாக்கி இருக்கிறதே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு தட்டில் ஆயிரம் மணிகள் இருக்கின்றன என்று வையுங்கள். அதில் 7 மணிதான் நமக்கு வேண்டிய யுரேனியம்-235, மீதி 993 வேண்டாதவை. மண்ணிலிருந்து எடுத்த யுரேனியம் இப்படித்தான் இருக்கும். அந்த 7 மணி அப்படியே இருக்கட்டும், வேண்டாதவற்றைப் பொறுக்கிக் கொட்டிக்கொண்டே வாருங்கள். தட்டில் ஏறக்குறைய 190 மணி மிஞ்சும்போது 3.67 சதவீதம். அதற்குள் 810 மணியைக் கொட்டியாகிவிட்டது. 35 மணி மிஞ்சினால் 20 சதவீதம். 12 மணி என்றால் 60 சதவீதம். 8 மணி என்றால் கிட்டத்தட்ட 90 சதவீதம். அதாவது 60-லிருந்து 90-க்குப் போக இன்னும் நாலே நாலு மணியைப் பொறுக்கினால் போதும்.

உண்மையான இயந்திரத்தில் சேதாரம், கசிவு எல்லாம் உண்டு, ஆனால் நியாயம் இதுதான். 60-ஐத் தொட்டவன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டான். ஆகவே சதவீதத்தைப் பற்றி யாராவது பேசினால் உடனே மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை கிலோ? எத்தனை இயந்திரம், எந்தத் தலைமுறை? பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் உள்ளே இருக்கிறார்களா? மூன்றும் தெரியாமல் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

ஒபாமா 150 பில்லியன் டாலரைத் தூக்கிக் கொடுத்தார், விமானத்தில் நோட்டுக்கட்டு போனது என்கிறார்களே?

இரண்டு கதையை ஒன்றாகக் குழைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வங்கிகளில் முடங்கிக் கிடந்தது ஈரானின் சொந்தப் பணம், எண்ணெய் விற்றது. பழைய கடன் போக ஈரான் கைக்கு வரக்கூடியது 50 பில்லியன் டாலருக்குச் சற்று மேல் என்று அன்றைய அமெரிக்க நிதியமைச்சர் ஜேக் லூ சொன்னார். நோட்டுக்கட்டு விவகாரம் வேறு. மன்னர் ஷா காலத்தில் அமெரிக்காவிடம் ஆயுதம் வாங்க ஈரான் முன்பணமாகக் கொடுத்து, 1979 புரட்சியால் பொருள் வராமல் போன 400 மில்லியன் டாலரும் அதன் வட்டி 1.3 பில்லியனும். வழக்கில் சமரசமாகி 2016-ல் திருப்பிக் கொடுத்தது. விமானம் உண்மை, இனாம் என்பது பொய்.

ஒப்பந்தத்தால் மேற்காசியாவில் அமைதி வந்திருக்க வேண்டும். ஏன் நேர்மாறாகப் போனது?

நல்ல கேள்வி. என் பார்வையில் இதுதான் மையம்.

வியன்னா மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைவிட யார் உட்காரவில்லை என்று பாருங்கள். சவூதி அரேபியா இல்லை, இஸ்ரேல் இல்லை. ஈரானின் ஏவுகணை யார் தலையில் விழுமோ அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. ஒப்பந்தம் யுரேனியத்தைப் பற்றி மட்டும் பேசியது. ஏவுகணை, ஏமன், லெபனான், சிரியா எதையும் தொடவில்லை. தொட்டிருந்தால் ஒப்பந்தமே வந்திருக்காது என்பதும் நிஜம். இரண்டு பக்க நியாயமும் எனக்குத் தெரிகிறது.

விளைவு? சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒப்பந்தத்தின் முதற்கட்டச் சட்டகம் முடிவாவதற்கு ஒரு வாரம் முன்னால், 2015 மார்ச் 26 அன்று, சவூதி ஏமனில் குண்டுவீச்சைத் தொடங்கியது. 2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ருக்கு சவூதி மரண தண்டனை நிறைவேற்ற, தெஹ்ரானில் சவூதி தூதரகம் தாக்கப்பட்டு உறவே அறுந்தது. தடை விலகிய அதே மாதம் அது. இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அமெரிக்கக் காங்கிரஸிலேயே போய் நின்று ஒப்பந்தத்துக்கு எதிராகப் பேசினார். ஈரான் பயம்தான் இஸ்ரேலையும் சில வளைகுடா அரசுகளையும் நெருக்கி உட்கார வைத்தது; 2020 செப்டம்பரில் அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலோடு கைகுலுக்கியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்கப்பட்டு சவூதி உற்பத்தியில் பாதி ஒரே காலையில் நின்றுபோனது. பழி ஈரான் மேல் விழுந்தும் அமெரிக்கா திருப்பி அடிக்கவில்லை. அதன் பிறகு ரியாத் தானாகவே ஈரானிடம் பேசத் தொடங்கியது. 2023 மார்ச் 10 அன்று உறவு மீண்டது. கையெழுத்தான ஊர் பெய்ஜிங். வியன்னாவில் ஏழு பேரில் ஒருவராக இருந்த சீனா, எட்டு வருடத்தில் நடுவர் நாற்காலிக்கு வந்துவிட்டது.

தடை என்பது காகிதம்தானே? எண்ணெய் எப்படியும் விற்கத்தானே செய்கிறது?

காகிதம்தான். அந்தக் காகிதம் எப்படிக் கப்பலை நிறுத்தும் என்று சொல்கிறேன், இது என் வேலை.

உலகக் கடல்வழிக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்கு விபத்துப் பொறுப்புக் காப்பீடு தருவது பத்துப் பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்த ஒரே குழுமம். அந்தச் சான்றிதழ் இல்லாத டேங்கரைப் பெரும்பாலான துறைமுகம் உள்ளே விடாது. எண்ணெய் கொட்டினால் யார் பணம் கட்டுவது? 2012 ஜூலை 1 முதல் ஈரான் எண்ணெய் ஏற்றிய கப்பலுக்குக் காப்பீடு தரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. எங்கள் மேசையில் அதன் உருவம் ஒரு சின்னப் பத்தி. 'தடைக்கு உட்பட்ட சரக்கானால் இந்தக் காப்பீடு செல்லாது' என்ற அந்தப் பத்தியைப் படித்த கப்பல் முதலாளிகள் சரக்கு எங்கே ஏறுகிறது என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிடுவார்கள். போர்க்கப்பல் ஒன்றுகூட நகரவில்லை, வியாபாரம் படுத்தது. இந்திய சுத்திகரிப்பாளர்கள் விலையில் 45 சதவீதத்தை யூகோ வங்கிக் கணக்கில் ரூபாயாகக் கட்டினார்கள். ஈரான் அந்த ரூபாயை வைத்து இங்கிருந்து அரிசி வாங்கியது.

2016-ல் தடை விலகியதும் அதே கப்பல்கள் திரும்பி வந்தன. 2018 நவம்பரில் மீண்டும் அமெரிக்கத் தடை. எட்டு நாடுகளுக்குக் கொடுத்த விலக்கும் 2019 மே 2-ல் முடிந்தது, இந்தியா வாங்குவதை நிறுத்தியது. சீனா நிறுத்தவில்லை. ஷாண்டோங் மாகாணத்துச் சிறிய சுத்திகரிப்பு ஆலைகளுக்கு, பெயரையும் கொடியையும் மாற்றிய பழைய கப்பல்களில், தள்ளுபடி விலையில் போனது. வாங்குபவர் ஒருவர்தான் என்றால் விலை யார் கையில் என்று உங்களுக்கே தெரியும். 2021-ல் சீனாவோடு 25 ஆண்டு ஒப்பந்தம், 2022-ல் ரஷ்யாவுக்கு ட்ரோன், 2023-ல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் இடம், 2024-ல் பிரிக்ஸ் கூட்டமைப்பில் இடம். ஈரான் கிழக்கே நகர்ந்தது கொள்கையால் மட்டுமல்ல, மேற்கே கதவு சாத்தப்பட்டதாலும்தான்.

நம் பக்கத்தில் இதன் தாக்கம்?

மணலி சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியத்தில் ஈரான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்குச் சுமார் 15 சதவீதப் பங்கு உண்டு, பலருக்குத் தெரியாது. இலங்கையின் சபுகஸ்கந்த ஆலை ஈரான் கச்சா எண்ணெயை மனத்தில் வைத்துக் கட்டியது. வாங்கிய எண்ணெய்க்கு டாலரில் கட்ட வழியில்லாமல் 251 மில்லியன் டாலர் பாக்கி நின்றது. அதை மாதம் 5 மில்லியன் டாலர் மதிப்புள்ள தேயிலையாகத் தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம். வாஷிங்டனில் போட்ட தடைக்கு மலையகத்துக் கொழுந்து போய்க் கணக்குத் தீர்த்தது.

ஐரோப்பா ஏன் ஒப்பந்தத்தைக் காப்பாற்றவில்லை?

முயன்றது. டாலரைத் தொடாமல் வியாபாரம் செய்ய 2019 ஜனவரியில் இன்ஸ்டெக்ஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. முதல் பரிவர்த்தனை நடக்க 2020 மார்ச் ஆனது, அதுவும் மருத்துவப் பொருள். 2023-ல் மூடிவிட்டார்கள். அரசுகள் விரும்பினாலும் கம்பெனிகள் அமெரிக்கச் சந்தையை இழக்கத் தயாராக இல்லை. ஈரானின் தென் பார்ஸ் எரிவாயுத் திட்டத்தை விட்டு பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் வெளியேறியது அப்படித்தான்.

60 சதவீதம் என்பது மருத்துவத்துக்காகவும் இருக்கலாமே, 90 இல்லையே?

மேலே மணிக்கணக்கைப் படியுங்கள். எத்தனை கிலோ என்று கேளுங்கள்.

குண்டு மட்டும் இருந்திருந்தால் 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானைத் தொட்டிருப்பார்களா? லிபியா கைவிட்டது, கடாபி செத்தார். உக்ரைன் கைவிட்டது, நிலம் போனது. வடகொரியா வைத்திருக்கிறது, யாரும் தொடவில்லை.

கனமான வாதம், தள்ளிவிட மாட்டேன். ஆனால் குண்டு வைத்திருப்பது வேறு, குண்டை நோக்கி நடப்பது வேறு. நடக்கும்போதுதான் அடி விழும். 1981-ல் இராக்கின் ஒசிராக் அணு உலை, 2007-ல் சிரியாவின் உலை, இரண்டும் பாதி வழியில் தகர்க்கப்பட்டன. வடகொரியாவுக்கு குண்டு வருவதற்கு முன்பே சியோல் அதன் பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்தது. ஈரானுக்கு அப்படியொரு பிணை இல்லை.

(அதே நண்பர்) சரி, ஒப்பந்தத்தை மதித்து நடந்த ஈரானுக்கு என்ன கிடைத்தது? மீறியது அமெரிக்காதானே?

இதில் உங்களோடு உடன்படுகிறேன். அமெரிக்கா வெளியேறிய நாள் வரை ஈரான் யுரேனிய வரம்புகளுக்குள் இருந்ததைப் பன்னாட்டு அணுசக்தி முகமை அறிக்கை அறிக்கையாக உறுதிசெய்தது. 2018 மே 8-ல் இதைக் கிழித்துவிட்டு, ஜூன் 12-ல் சிங்கப்பூரில் வடகொரியத் தலைவர் கிம்மிடம் ஆயுதத்தைக் கைவிடச் சொன்னார் டிரம்ப். கிம் எதைப் பார்த்து நம்புவார்? ஈரான் குண்டு செய்தால் நாங்களும் செய்வோம் என்று சவூதி இளவரசர் அதே வருடம் மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்து மேசைக்கு வரும் எந்த நாடும் "அடுத்த அதிபரும் மதிப்பாரா?" என்றுதான் முதலில் கேட்கும். இந்த ஒப்பந்தம் முறிந்ததன் மிகப் பெரிய விலை இதுதான், அது எனக்கு ஆறாத வருத்தம்.

(வேறொருவர்) ஈரானை உத்தமர் ஆக்காதீர்கள். ஈரானின் அணு ஆயுத முயற்சி பற்றி இஸ்ரேல் எடுத்து வந்த ஆவணங்கள் பொய்யா?

உத்தமர் என்று நான் சொல்லவில்லை. 2003 இறுதிக்கு முன் ஒருங்கிணைந்த ஆயுத முயற்சி நடந்தது என்று முகமையே 2015 டிசம்பரில் எழுதியது. ஈரான் அறிவிக்காத இடங்களில் யுரேனியத் தடயம் கிடைத்தது, விளக்கம் திருப்தியாக இல்லை, 2025 ஜூன் 12-ல் முகமையின் ஆளுநர் குழு 19 வாக்குகளில் கண்டித்தது. மறுநாள் இஸ்ரேல் தாக்கியது, 22-ம் தேதி அமெரிக்கா. இரண்டு பக்கமும் தவறு என்றால் இருவரும் ஒரே நாளில் அதே தவறைச் செய்தார்கள் என்று அர்த்தமில்லை. தேதி வரிசை முக்கியம். ஈரான் 60 சதவீதம் தொடங்கியது 2021 ஏப்ரலில், அமெரிக்கா வெளியேறியது 2018-ல்.

(மீண்டும் குண்டு பற்றிக் கேட்ட நண்பர்) அப்படியானால் குண்டுதான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை. நீங்கள் மூன்றாவது முறை கேட்கிறீர்கள், என் பதில் மாறாது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இதை இத்தோடு நிறுத்துவோம்.

அண்ணா, ஸ்னாப்பேக் என்றால்? ரஷ்யா, சீனாவிடம் வீட்டோ இருந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

தம்பி, அழகான கேள்வி. ஒப்பந்தத்தை ஏற்ற ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 2231-ம் தீர்மானத்தில் வாக்கெடுப்பைத் தலைகீழாக அமைத்தார்கள். புகார் வந்தால் 'தடை நீக்கம் தொடரட்டும்' என்ற தீர்மானம் 30 நாளில் நிறைவேற வேண்டும்; நிறைவேறாவிட்டால் தடை தானாகத் திரும்பும், அதுதான் ஸ்னாப்பேக். நீக்கத்தைத் தொடரவிடாமல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் யாரும் தடுக்கலாம். ரஷ்யாவின் வீட்டோவுக்கு அங்கே வேலையே இல்லை. 2025 ஆகஸ்ட் 28-ல் மூன்று ஐரோப்பிய நாடுகள் புகார் கொடுத்தன, செப்டம்பர் இறுதியில் தடை திரும்பியது. ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 18-ல் அந்தத் தீர்மானத்தின் கெடுவே முடிந்துவிட்டது என்று ஈரானோடு சேர்ந்து கடிதம் எழுதின. ஐ.நா. தடை இருக்கிறதா என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு பதில், பெய்ஜிங்கில் ஒரு பதில். இப்படி ஒரு நிலையை என் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை.

அணு ஆயுதத்துக்கு எதிராக ஈரான் மதத் தலைவர் சொன்ன மதத் தீர்ப்பு (ஃபத்வா) பற்றி?

என் துறை அல்ல. ஷியா சட்டவியல் படித்தவர்களிடம் கேளுங்கள்.

எண்ணெய் விலை அடுத்த வருடம் ஏறுமா?

ஆரூடம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன்.

60 சதவீதத்தில் நிறுத்தியதே நல்லெண்ணம்தானே?

எத்தனை கிலோ? 2025 ஜூன் தாக்குதலுக்கு முன் முகமையின் மதிப்பீடு 60 சதவீதத்தில் 440.9 கிலோ. 2015 ஒப்பந்தத்தில் அனுமதித்தது 3.67 சதவீதத்தில் 300 கிலோ. மணிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

ஒப்பந்தம் போனதில் திரும்பப் பெற முடியாதது எது?

கேமரா. 2022 ஜூனில் ஈரான் 27 கண்காணிப்புக் கேமராக்களைக் கழற்றியது. மையவிலக்கு உதிரிபாகம் எங்கே எத்தனை செய்தார்கள் என்ற பதிவு அன்றே அறுந்தது. தாக்குதலுக்குப் பிறகு 2025 ஜூலை 4 அன்று முகமையின் ஆய்வாளர்களும் ஈரானை விட்டுக் கிளம்பினார்கள். நாளைக்கே கேமராவை மாட்டலாம், ஆய்வாளர் திரும்பலாம். இடைப்பட்ட மாதங்களில் ஓடாத படத்தை யாரும் ஓட்டிக் காட்ட முடியாது. அந்த 440 கிலோவைத் தேடுபவர்கள் அந்த இருட்டிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டியிருந்தது.