புறநகரில் பக்கத்துத் தெருவுக்குப் போகவே ஏன் வண்டி தேவைப்படுகிறது?

மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள். கடைசியாக, பழைய கோட்டை இருந்த இடத்தை ஒட்டி வெளி வீதிகள். குறுக்கே சந்துகள் இவற்றைக் கோத்துவிடுகின்றன. ஒன்று அடைத்திருந்தால் அடுத்த சந்தில் நுழையலாம்.

புறநகரில் கதை வேறு. வயலை வாங்கியவர் தன் சர்வே எண்ணுக்குள் மட்டும் மனை பிரிக்கிறார். ரோடு நேராகப் போய்ப் பக்கத்து லேஅவுட்டின் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடைப் பலகை தெரியும். போவதற்கு மெயின் ரோடு வரை வந்து சுற்ற வேண்டும். அப்புறம் யார் நடப்பார்கள்? பால் பாக்கெட்டுக்கும் ஸ்கூட்டர்தான். அத்தனை வண்டியும் அந்த ஒரே மெயின் ரோட்டில் வந்து கொட்டுகிறது. ரோட்டை அகலப்படுத்துவதைவிடச் சுவரில் நாலடி வழி விடுவது மேல் என்பேன். திருட்டுப் பயம் என்று குடியிருப்பவர்களே சம்மதிப்பதில்லை.