யானைக்கு எவ்வளவு கட்டணம்?

அன்புள்ள அண்ணா,

நான் திருக்கோவில் பக்கம். ஏ.எல். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். போன மாதக் கட்டுரையில் ஜோன் சுவாட்ஸ்வெல்டர் என்று ஒரு பெயரைச் சொல்லி, சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூனுக்கு ஆகக் கூடுதலாக எழுதியவர் அவர்தான் என்று போகிற போக்கில் விட்டுவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன், 59 எபிசோட்! எல்லாம் பார்க்க டேட்டா காணாது. ஆகச் சிறந்த பத்தைப் பட்டியல் போட்டுத் தருவீர்களா? எனக்கும் பகிடி எழுத ஆசை. ஆனால் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. எழுதியதை அடுத்த நாள் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

பி.கு.: பதில் பிந்தினாலும் பரவாயில்லை. போன கிழமை இரவு எங்கள் வளவுக்குள் யானை வந்து வாழை முழுவதையும் முடித்துவிட்டது. மாமா யானைவெடியைக் கையில் பிடித்தபடி நெருப்புப்பெட்டி தேடிக்கொண்டு நின்றார்.

ச.

அன்புள்ள தம்பி,

பத்து தரமாட்டேன். பட்டியல் போட்டால் முதலாவதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இந்த மனிசன் இவ்வளவு கதைத்தார்" என்பீர்கள், மிச்ச ஒன்பதும் அப்படியே கிடக்கும். ஒன்றைப் பற்றி ஆறுதலாகச் சொல்கிறேன், இன்னும் இரண்டை மேலோட்டமாகச் சொல்கிறேன், மற்றது உங்கள் பாடு. அந்த ஒன்றையும் நான் யோசித்து எடுக்கவில்லை, உங்கள் பின்குறிப்பே எடுத்துத் தந்துவிட்டது.

1994 மார்ச்சில் வந்த 'பார்ட் கெட்ஸ் என் எலிபன்ட்'. வானொலியில் ஒரு போட்டி, வென்றால் 10,000 டொலர் அல்லது ஒரு யானை. யானை சும்மா பகிடிக்குச் சொன்னது, எந்த மடையனும் காசை விட்டு யானையைக் கேட்கமாட்டான் என்ற நம்பிக்கை. பத்து வயதுப் பெடியன் பார்ட் யானைதான் வேணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நிலையத்தில் யானை இல்லை. கடைசியில் மேலிடம் அறிவிப்பாளர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, யானையைக் கொடுக்கிறீர்களா, இல்லை உங்கள் இடத்தில் இந்த மெஷினை வைக்கவா என்று பாட்டுப் போட்டு இடையிடையே அலட்டவும் தெரிந்த ஓர் இயந்திரத்தைக் காட்டுகிறது. அடுத்த காட்சியில் யானை வீட்டு வாசலில். (அறிவிப்பாளர் வேலை பார்க்கிற கூட்டாளி ஒருவருக்கு அண்மையில் இதைப் போட்டுக் காட்டினேன். அந்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை.)

மறுகாதான் விஷயமே. வேறு ஆளாக இருந்தால் யானை மதிலை உடைக்கும், சனம் ஓடும், அதையே இருபது நிமிடம் இழுத்திருப்பார். சுவாட்ஸ்வெல்டர் கணக்குக் கொப்பியைத் திறக்கிறார். யானை தின்னும், தின்றால் காசு கரையும். அப்பன் ஹோமர் கட்டணம் வைக்கிறான்: பார்க்க 1 டொலர், ஏற 2 டொலர். கட்டுப்படியாகவில்லை. உடனே பார்க்க 100, ஏற 500. ஒருவரும் வரவில்லை. அப்போது அவன் என்ன செய்கிறான் தெரியுமா, ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போன பெடியன் மில்ஹவுஸின் வீட்டுக்குப் போய் நிற்கிறான். உங்கள் மகன் இரண்டு தரம் பார்த்தான், ஒரு தரம் ஏறினான், நீங்கள் 4 டொலர் தந்தது பழைய விலைக்கு, புதிய விலைக்கு 700 வரும், தந்ததைக் கழித்தால் 696. நீங்களே கூட்டிப் பாருங்கள், ஒரு சதம் பிழைக்காது! கணக்கு அவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. முழுக் கதையிலும் பொய் ஒன்றே ஒன்றுதான், வீட்டு வளவில் ஒரு யானை. அதை ஒப்புக்கொண்டால் பிறகு நடப்பதெல்லாம் நியாயமாகத்தான் நடக்கும்.

முடிவு இன்னும் பிடிக்கும். தார்க் குழியில் தாண்டுபோன ஹோமரை அந்த யானைதான் இழுத்து வெளியே போடுகிறது. சரி, இனி அன்பு, நட்பு, கண்ணீர் என்று நினைப்போம். யானையைச் சரணாலயத்துக்கு அனுப்புகிறார்கள், அது அங்கே போன உடனே மற்ற யானைகளை முட்டத் தொடங்குகிறது. பராமரிக்கிறவர் விளக்கம் சொல்கிறார்: மிருகங்களும் மனிசரைப் போலத்தான், சிலது பட்ட துன்பத்தால் அப்படி ஆகும், சிலது பிறவியிலேயே அப்படி.

நாங்கள் யானையை இரண்டு விதமாகத்தான் எழுதுகிறோம். ஒன்று பிள்ளையார், இல்லாவிட்டால் 'காட்டு யானை தாக்கி விவசாயி பலி'. இரண்டுக்கும் நடுவில் ஒரு யானை இருக்கிறது. வயல் வாடிக்குள் தும்பிக்கையை விட்டு நெல்லையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போகிற யானை, அம்பாறைப் பக்கக் குப்பைமேட்டில் சோற்றோடு சேர்த்துச் சொப்பிங் பேக்கையும் விழுங்கிவிட்டுச் சாகிற யானை. அதைச் சிரித்துக்கொண்டு எழுதலாமா என்றால் எனக்கே முழுச் சம்மதமில்லை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மைக் காலம் முழுக்கப் பரணில் கண் முழிக்கிறவனுக்கு முன்னால் எந்த முகத்தோடு வாசிப்பது? ஆனால் யானைக் கதையை வயிறு குலுங்கச் சொல்கிறவர்களும் அந்தப் பரணில் படுத்தவர்கள்தான். எழுதுகிற எங்களுக்குத்தான் கூச்சம்.

மற்ற இரண்டு. 1997இல் வந்த 'ஹோமர்ஸ் எனிமி': சின்ன வயதிலிருந்து கஷ்டப்பட்டு, தானே படித்து மேலுக்கு வந்த ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற மனிசன் ஹோமர் இருக்கிற அணுமின் நிலையத்துக்கு வேலைக்கு வருகிறான். ஒன்றுக்கும் உதவாத ஹோமருக்கு வீடும் குடும்பமும் பெரிய சம்பளமும் எப்படி அமைந்தது என்று யோசித்து யோசித்தே அவனுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. கடைசியில் உயர் அழுத்த மின்கம்பியைக் கையால் பிடித்துச் செத்துப்போகிறான், செத்தவீட்டிலும் ஊர் ஹோமரைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. பட்டத்தை வைத்துக்கொண்டு நியமனத்துக்காக ஐந்தாறு வருடம் காத்திருந்த யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். மற்றது 1990இல் வந்த 'இச்சி அண்ட் ஸ்கிராச்சி அண்ட் மார்ஜ்'. கார்ட்டூனில் அடிதடி கூடாது என்று போராடி வென்ற பார்ட்டின் தாய் மார்ஜ், அவளோடு போராடிய அதே கூட்டம் மைக்கல் ஆஞ்சலோவின் தாவீது சிலை அம்மணமாக நிற்கிறது, அதையும் தடுக்க வா என்று கூப்பிடும்போது மாட்டிக்கொள்கிறாள். இன்னும் பழசாகவில்லை. பேஸ்போல் விளையாட்டை வைத்து எழுதிய ஒன்றை எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், எனக்கு அந்த விளையாட்டே விளங்காது, விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மறக்கக்கூடாது. பெயர் அவருடையது என்பதால் ஒவ்வொரு வரியும் அவருடையது ஆகாது. சிம்ப்சன்ஸில் ஒருவர் முதல் பிரதியை எழுதுவார், பிறகு ஓர் அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து அதைப் பிய்த்துப் பிய்த்துத் திருத்துவார்கள். ஹோமர்ஸ் எனிமிக்கு அடி யோசனையே பில் ஓக்லி என்ற தயாரிப்பாளருடையது. எங்கள் கூத்தும் அப்படித்தானே, கூத்துக் கொப்பியில் ஒன்று இருக்கும், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒன்றைக் கூட்டுவார், விடியப்புறம் சனம் தூங்கி விழும்போது கட்டியக்காரன் கொப்பியில் இல்லாத ஒன்றை எடுத்துவிடுவான், அடுத்த ஊர்க் களரியில் அதுவே கொப்பி ஆகிவிடும். யாருடைய பகிடி என்று யார் கேட்கிறார்கள்?

அப்புறம் உங்கள் முதல் பக்கத்துக்கு வருகிறேன். விளம்பரக் கம்பனியில் வேலை செய்த ஆள் சுவாட்ஸ்வெல்டர், பேட்டி கொடுக்காமலே ஒளிந்து திரிந்தவர். கலிபோர்னியாவில் உணவகங்களுக்குள் சிகரட் பிடிக்கத் தடை வந்தபோது, தான் வழமையாக உட்கார்ந்து எழுதுகிற உணவகத்தின் மேசையையும் இருக்கையையும் அப்படியே விலைக்கு வாங்கி வீட்டில் பூட்டினாராம், அப்படி ஒரு பிராணி. 2021இல்தான் நியூ யோர்க்கர் சஞ்சிகைக்கு வாய் திறந்தார். அதில் தன் வேலைமுறையைச் சொல்கிறார்: எழுதுவது பெரிய கஷ்டம், திருத்துவது சுகம். ஆகவே ஒரே நாளில் முழுக் கதையையும் குப்பைப் பகிடியோடும் கேவலமான வசனத்தோடும் கடைசி வரை எழுதி முடித்துவிடுவாராம். அடுத்த நாள் பார்த்தால் இரவு யாரோ ஒரு குட்டிப் பேய் வந்து முழு வேலையையும் மோசமாகச் செய்துவிட்டுப் போனது போல இருக்கும், அதைத் திருத்தினால் போதும். அடுத்த நாள் உங்களுக்கு வருகிற அதே வெட்கம்தான் தம்பி. நீங்கள் ஒரு பக்கத்தோடு வெட்கப்படுகிறீர்கள், அவர் முழுதாக முடித்துவிட்டு வெட்கப்பட்டார். ஹோமரைக் கதைக்கத் தெரிந்த ஒரு பெரிய நாயாக நினைத்துத்தான் எழுதினாராம், ஒரு நிமிடம் உலகத்திலேயே பெரிய சோகம், அடுத்த நிமிடம் நிலத்தில் ஒரு சதம் கிடந்தால் அதைவிடச் சந்தோசமில்லை.

டேட்டா இருக்கும்போது யானையை முதலில் பாருங்கள், சப்டைட்டில் போட்டு. பிறகு அந்த வாழைத்தோட்ட இரவை விடிவதற்குள் எழுதி முடியுங்கள், நல்லதாக இருக்கத் தேவையில்லை. வாழை எத்தனை, ஒரு குலை என்ன விலை, வெடி யார் கொடுத்தது, எல்லாம் கணக்கோடு வரட்டும். மாமாவுக்கு நெருப்புப்பெட்டி கிடைத்ததா இல்லையா என்றும் நீங்கள் எழுதவில்லை.