மக்கள் வாக்கில் பிரிட்டனுக்குப் பூஜ்ஜியம்: உங்கள் தம்பி போட்ட இருபது வாக்கு எங்கே போயிற்று?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். நாட்டுக்கு ஒரு பாட்டு மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், 2025-இல், பிரிட்டனுக்கு நடுவர்கள் 88 புள்ளி கொடுத்தார்கள். மக்கள் வாக்கில் பூஜ்ஜியம். பாரிசில் இருக்கும் என் தம்பி மட்டுமே இருபது வாக்கு போட்டான். எண்ணிக்கையில் தில்லுமுல்லா, பிரெக்ஸிட் கோபமா? கேட்கக் காரணம் உண்டு. என் மகள் பாட்டு எழுதுகிறாள். 600 பவுண்ட் கட்டினால் யூரோவிஷன் தேர்வுப் பட்டியலில் சேர்த்துவிடுவதாகவும், பிறகு மக்கள் வாக்குக்கும் ஏற்பாடு செய்வதாகவும் ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் வாக்குகள் எண்ணப்பட்டிருக்கும், புள்ளியாக மாறவில்லை, அவ்வளவுதான். பிரான்ஸில் விழும் வாக்கை பிரான்ஸுக்குள்ளேயே வரிசைப்படுத்துவார்கள். முதல் பாட்டுக்கு 12, இரண்டாவதுக்கு 10, பிறகு 8 முதல் 1 வரை. பத்துப் பாட்டோடு கடை மூடியாயிற்று. பாசல் நகரில் நடந்த அந்த இறுதிச் சுற்றில் 26 பாட்டுகள். சொந்த நாட்டுக்கு யாரும் போட முடியாது என்பதால் பிரான்ஸ்காரருக்கு மிஞ்சுவது 25. அதில் பதினைந்துக்கு ஒன்றும் கிடையாது. பேச்சுக்கு, பத்தாவது பாட்டுக்கு 2,600 வாக்கும் பதினோராவதுக்கு 2,580 வாக்கும் விழுந்தன என்று வையுங்கள். முன்னதுக்கு ஒரு புள்ளி, பின்னதுக்கு சைபர். அந்த 2,580-இல் உங்கள் தம்பியின் இருபதும் இருக்கலாம்.

இதே கதை பிரிட்டன் தவிர்த்த மற்ற 35 நாடுகளிலும், 'உலகின் பிற பகுதி' என்று தனியாக எண்ணும் தொகுப்பிலும் நடந்தால் மொத்தம் பூஜ்ஜியம். ஆக, பூஜ்ஜியம் என்பதற்கு 'ஒருவரும் போடவில்லை' என்று பொருள் இல்லை. 'எங்கேயும் முதல் பத்துக்குள் வரவில்லை' என்றுதான் பொருள்.

அப்படியானால் நடுவர்கள் மட்டும் 88 கொடுத்தது எப்படி? அந்த ஆண்டு நாட்டுக்கு ஐந்து நடுவர்கள். அவர்கள் எல்லாப் பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். ஐந்து பேரும் ஆறாவது, ஏழாவது என்று எழுதினாலே பாட்டு புள்ளிக்குள் வந்துவிடும். வீட்டில் இருப்பவருக்கு அந்த வேலை இல்லை. பிடித்த ஒன்றுக்கு, மிஞ்சினால் இரண்டுக்குப் போடுவார். ஆறாவதாகப் பிடித்த பாட்டுக்குக் காசு செலவழித்து யார் குறுஞ்செய்தி அனுப்புவார்கள்? பந்தியில் ரசத்தை எவரும் குறை சொல்வதில்லை, ஆனால் கையை நீட்டி இன்னொரு கரண்டி கேட்பது பாயசத்துக்குத்தான்.

பிரிட்டன் அனுப்பிய 'ரிமெம்பர் மண்டே' குழுவின் மூன்று பெண்களும் இசைநாடக மேடையில் தேறியவர்கள். மூன்று குரலும் இழைவது சுத்தமாக இருந்தது. ஆனால் மூன்று நிமிடப் பாட்டுக்குள் வேகம் பல தடவை மாறுகிறது. நடுவர் அதைத் தேர்ச்சி என்று குறித்துக்கொள்கிறார். சோபாவில் இருப்பவரோ தாளம் பிடித்துத் தொடையில் தட்ட ஆரம்பிக்கும்போது பாட்டு வேறு நடைக்குத் தாவிவிடுகிறது. முதல் தடவை கேட்பவருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. போதாததற்கு, 2024 முதல் இறுதிச் சுற்றில் முதல் பாட்டுக்கு முன்பே வாக்கெடுப்பு திறந்துவிடுகிறது. எட்டாவதாகப் பாடிய இவர்களுக்குப் பின்னால் இன்னும் 18 பாட்டுகள்.

பிரெக்ஸிட் வாதத்தை ஓரமாக வையுங்கள். அதே இரவில் போட்டியை நடத்திய சுவிட்சர்லாந்துக்கு நடுவர் வாக்கில் 214 புள்ளி, இரண்டாம் இடம். மக்கள் வாக்கில் பூஜ்ஜியம். சுவிட்சர்லாந்து மேல் யாருக்கு என்ன கோபம்? பிரெக்ஸிட் முடிந்த பின் 2022-இல் டூரினில் சாம் ரைடர் 466 புள்ளியோடு பிரிட்டனை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார், அதில் 183 மக்கள் போட்டது. ஐரோப்பா கோபத்தில் இருந்திருந்தால் அந்த ஒரு வருடம் மட்டும் மறந்துபோயிற்றா?

உண்மையான கோளாறு தேர்வில் இருக்கிறது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, (2025 வரை) ஸ்பெயின் ஆகிய ஐந்தும் அதிகப் பணம் கட்டுவதால் அரையிறுதி இல்லாமல் நேரே இறுதிக்குப் போகும். சலுகைபோலத் தெரியும், உண்மையில் அது பள்ளம். மற்ற நாடுகளின் சொத்தைப் பாட்டுகள் அரையிறுதியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. இந்த ஐந்து நாடுகளின் சொத்தை மட்டும் இறுதிவரை வந்து அடியில் படிகிறது. 2021-இல் ராட்டர்டாமில் மக்கள் வாக்கில் பூஜ்ஜியம் வாங்கியவை நான்கு: பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின், போட்டியை நடத்திய நெதர்லாந்து. நடத்தும் நாடும் நேரே இறுதிக்குப் போகும் என்பதால், நான்கும் அரையிறுதி இல்லாமல் வந்தவை. பிரிட்டனுக்கு நடுவர்களும் சைபர்.

அதே சலுகையில் வரும் இத்தாலி அந்த இரவில் வென்றதே என்பீர்கள். இத்தாலியர்கள் சான்ரெமோ என்ற தங்கள் பாட்டு விழாவில் பல இரவுகள் பாட்டை உரசிப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள். பிரிட்டனில் மூடிய அறைக்குள் முடிவாகி, 'இந்த ஆண்டு இவர்' என்று அறிவிப்பு வருகிறது. 2016 முதல் 2019 வரை தொலைக்காட்சியில் மக்களையும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், உண்மை. ஆனால் 2019-இல் தட்டில் வைத்தது மூன்றே பாட்டு. வென்ற பாட்டை எழுதியவர்களில் ஒருவர் யான் லுண்ட்விக். அதே ஆண்டு அதே யூரோவிஷன் மேடையில் ஸ்வீடனுக்காக வேறு பாட்டைப் பாடி அவர் ஐந்தாம் இடம் பெற்றார். பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்த பாட்டுக்குக் கடைசி இடம். உடனே 'மக்களைக் கேட்டது தப்பு' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்று பாட்டை மட்டும் வைத்தது தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாப் பூஜ்ஜியமும் பதினோராம் இடத்துப் பூஜ்ஜியம் அல்ல. 2003-இல் ரீகாவில் பிரிட்டனின் 'ஜெமினி' ஜோடி வாங்கியது வேறு ரகம். ஈராக் போரின் எதிரொலி என்று பிபிசி வர்ணனையாளர் டெரி வோகன் முதல் பலர் சொன்னார்கள். ஆனால் அந்தப் போருக்குப் படை அனுப்பிய போலந்து அன்று ஏழாவது, போரை ஆதரித்த ஸ்பெயின் எட்டாவது. பிரிட்டன் பாட்டு சுருதி விலகித் தொடங்கியது, காரணம் அதுதான். மேடையில் பின்னணி இசை தங்களுக்குக் கேட்கவில்லை என்று பாடியவர்கள் சொன்னார்கள். யூரோவிஷனில் இசை முழுக்கப் பதிவு செய்யப்பட்டது, முதன்மைக் குரல் மட்டும் கட்டாயம் நேரடி. அரங்கில் ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது பாடுபவருக்கு சுருதி தெரிய ஒரே வழி மானிட்டர், அதாவது பாடுபவருக்கே இசையைக் கேட்கவைக்கும் ஒலிபெருக்கி அல்லது காதுக்கருவி. அது கேட்காவிட்டால் கால் சுரம், அரைச் சுரம் கீழே இறங்கியது பாடுபவருக்குத் தெரியாது, வீட்டில் கேட்பவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இறங்கிய குரலை நடுவில் பிடித்து ஏற்றுவது கச்சேரியில் முடியும், மூன்று நிமிடத்தில் முடியாது. மேடை ஏறும் எவரும் இதற்காகவே, மானிட்டரில் தன் குரலைவிடப் பின்னணி இசையைச் சற்றுத் தூக்கலாக வைக்கும்படி ஒத்திகையிலேயே கேட்டுவிட வேண்டும்.

இப்போது அந்த 600 பவுண்ட்.

யூரோவிஷனை நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம். அது யாருடைய பாட்டையும் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வு அந்தந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தின் கையில். எனவே 'யூரோவிஷன் தேர்வுப் பட்டியல்' என்று பொதுவாக ஒன்று கிடையவே கிடையாது. அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டு நிறுவனம், எந்தத் தேதிக்குள், எந்த விதிமுறைப்படி? பெயர் சொன்னால் அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். மழுப்பினால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து கையெழுத்து. இப்படிப்பட்டவர்கள் நீட்டும் காகிதத்தில் மூன்றாம் பக்கத்தில் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பங்கு என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். மகள் எழுதிய மெட்டிலும் வரியிலும் அவருக்கு என்ன பங்கு? பாட்டை எத்தனை பேர் எழுதினார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்ட பிறகே பாட்டு வெளியாள் கைக்குப் போக வேண்டும். 'முதலில் ஸ்பாட்டிஃபையில் விட்டுக் கூட்டம் சேர்ப்போம்' என்பது அடுத்த பொறி. போட்டி ஆண்டுக்கு முந்தைய செப்டம்பர் 1-க்கு முன் வணிக ரீதியாக வெளியான பாட்டு செல்லாது. 'சர்வதேசப் பாட்டுப் போட்டி' என்ற பெயரில் நுழைவுக் கட்டணம் வாங்கி, எல்லாருக்கும் 'அரையிறுதி' சான்றிதழ் அனுப்பி, கோப்பைக்குத் தனிக் காசு கேட்பவையும் இதே கடைச் சரக்கு.

மக்கள் வாக்குக்கு ஏற்பாடு என்பது பச்சைப் பொய். 2022-இல் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் இரண்டாம் அரையிறுதியில் புள்ளி போட்ட விதம் சரியில்லை என்று ஒன்றியமே அவற்றை நீக்கிவிட்டது. உள்ளே உட்கார்ந்த நடுவர்களின் கதியே அது. 2025-க்குப் பிறகு வாக்கு உச்சவரம்பையும் இருபதிலிருந்து பத்தாகக் குறைத்துவிட்டார்கள். நாடுவாரியாக எந்தப் பாட்டுக்கு எத்தனை வாக்கு என்ற கணக்கை ஒன்றியம் வெளியில் வைத்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. வைப்பதில்லை.

மகளின் பாட்டு எவ்வளவு நீளம் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று நிமிடம்தான் எல்லை. தாண்டினால் கடைசிப் பல்லவியில் கை வைக்க வேண்டாம், முன்னிசையை வெட்டச் சொல்லுங்கள். எட்டு வினாடிக்குள் குரல் வரட்டும்.