இறுக்கினால் மட்டும் போதாது: இடுப்புத்தளத் தசைகள் பற்றிக் கேள்வி பதில்

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலே சிறுநீர் கசிகிறது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி செய்யச் சொன்னார்கள். எந்தத் தசையை இறுக்குவது என்றே புரியவில்லை, மேடம்.

நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை விரிந்து, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கும் தசைகள் இவை. முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அதே இழுப்பை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து உள்ளே மேலே தூக்குங்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. கீழே ஏதோ தள்ளுவது போல இருந்தால் தலைகீழாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

முடிந்தவரை சில விநாடிகள் இறுக்கி, பிறகு அதே அளவு நேரமாவது முழுதாகத் தளர விடுங்கள். வேளைக்கு 8 முறையாவது, நாளுக்கு 3 வேளை. குறைந்தது 3 மாதம் செய்த பிறகுதான் பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் கைவிடுபவர்கள்தான் அதிகம். அப்புறம், தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகலாமா?

வேண்டாம். தசை எது என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை செய்தால் சரி. பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

எனக்கு சிசேரியன். எனக்கும் ஏன் கசிகிறது?

மாதக்கணக்கில் குழந்தையின் எடையைச் சுமந்ததும் இதே தசைகள்தானே. கர்ப்பகால ஹார்மோன்களும் அவற்றைத் தளர்த்தும். பயிற்சி உங்களுக்கும் உண்டு.

கீகல் செய்யச் செய்ய அடிவயிறு வலிக்கிறது. தாம்பத்திய உறவிலும் வலி. சிறுநீர் வரத் தொடங்கவே நேரமாகிறது.

பயிற்சியை நிறுத்திவிடுங்கள். உங்கள் தசைகள் தளர்வதற்குப் பதிலாக எப்போதும் இறுகியே இருக்கலாம். அப்படிப்பட்டவர் மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். எல்லாப் பெண்களுக்கும் கீகல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். வயிறு மெல்ல எழும்படி மூச்சை இழுத்து, அடிப்பகுதி தானாகத் தளர்வதைக் கவனியுங்கள். நாள் முழுக்க வயிற்றை உள்ளிழுத்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிறுநீர்த்தொற்று போன்ற வேறு காரணம் இல்லை என்று மகப்பேறு மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, இத்துறையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

வயது 56. மாலை நேரத்தில் கீழே ஏதோ இறங்கி வருவது போலக் கனமாக இருக்கிறது. ஆபரேஷன்தானா?

கர்ப்பப்பை இறக்கமாக இருக்கலாம். சிறுநீர்ப்பையோ மலக்குடலோ இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். மருத்துவர் சோதித்துப் பார்த்தால் எந்த அளவு என்று தெரிந்துவிடும். லேசான இறக்கத்துக்குப் பயிற்சி உதவும். பெசரி என்ற வளையத்தை உள்ளே பொருத்திக்கொண்டு, அறுவை சிகிச்சை இல்லாமலே நன்றாக நடமாடுபவர்கள் பலர். மலச்சிக்கலையும் நாள்பட்ட இருமலையும் முதலில் கவனியுங்கள். தினமும் முக்கி முக்கி மலம் கழித்தால் பயிற்சியின் பலன் வீணாகிவிடும். மேற்கத்திய கழிப்பறை என்றால் காலுக்கு ஒரு குட்டி ஸ்டூல் போட்டு, சற்று முன்னால் சாய்ந்து உட்காருங்கள்.

வெளியே கிளம்பும்போதெல்லாம், வராவிட்டாலும் ஒரு தடவை போய்விட்டுத்தான் கிளம்புவேன். தப்பா?

எப்போதாவது என்றால் தப்பில்லை. எப்போதும் அப்படியே செய்தால், கொஞ்சம் சேர்ந்ததுமே அவசரப்படுத்தச் சிறுநீர்ப்பை பழகிவிடும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், காபியைக் குறைக்கலாம். எரிச்சலோ, சிறுநீரில் ரத்தமோ இருந்தால் மட்டும் இதையெல்லாம் முயன்றுகொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.