எத்தனை தடவை? எவ்வளவு நேரத்தில்? – ஏபிஏ பதிவும் கிராஃபும்: கேள்வி பதில்

ஏபிஏ (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு) என்னும் நடத்தைப் பயிற்சியில் எண்ணுவது, கிராஃப் போடுவது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி அதைப் பற்றியது. மீதிக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு அம்மா, தஞ்சாவூர்: மேடம், என் மகனுக்கு 5 வயது. திங்கட்கிழமை 12 தடவை தலையில் அடித்துக்கொண்டான், 6 மணி நேரம் பார்த்தேன். சனிக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போவதற்குள் 2 மணி நேரத்தில் 8 தடவைதான். குறைந்திருக்கிறது, இல்லையா?

குறையவில்லைம்மா, இரண்டு மடங்காகியிருக்கிறது. திங்கள் மணிக்கு 2, சனி மணிக்கு 4. நல்லவேளை நேரத்தையும் எழுதினீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இன்னொன்று: 'அடித்துக்கொள்வது' என்றால் எது? தொடர்ந்து மூன்று அடி விழுந்தால் நீங்கள் ஒன்று என்பீர்கள், அப்பா மூன்று என்பார். "கை சத்தம் கேட்கும்படி தலையில் படுவது; கை விலகி மறுபடி பட்டால் அடுத்தது" என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். ஒவ்வொரு தடவைக்கும் வலது பையிலிருந்து இடது பைக்கு ஒன்று. காயமோ வீக்கமோ இருந்தால் நோட்டை மூடிவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

ஒரு அப்பா: அடம் பிடிப்பது ஒரு நாளைக்கு 2 தடவை. மூன்று மாதமாகக் கோடு அசையவே இல்லை.

முன்பு ஒரு அடம் 40 நிமிடம், இப்போது 10 நிமிடம் என்று கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிமிடத்தைக் கிராஃபில் போடுங்கள், கோடு இறங்கும்.

உளவியல் மாணவர்: அக்கா, இன்டர்வல் முறையில் 'பார்ஷியல்', 'ஹோல்' எது சரி?

தம்பி, இரண்டுமே பொய் சொல்லும், எதிரெதிர்த் திசையில். 10 நிமிடத்தை 30 விநாடித் துண்டுகளாக வெட்டினால் 20 துண்டு. பிள்ளை ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு விநாடி கத்துகிறான் என்று வை. மொத்தம் 600 விநாடியில் 20 விநாடிதான் சத்தம். துண்டுக்குள் ஒரு கணம் நடந்தாலும் டிக் போடும் பார்ஷியல் முறையில் இது 100 சதவீதம். துண்டு முழுக்க நடந்தால்தான் டிக் என்னும் ஹோல் முறையில் 0. ஒரே பிள்ளை, அதே பத்து நிமிடம்!

அதனால் குறைக்க வேண்டியதற்குப் பார்ஷியல், வளர்க்க வேண்டியதற்கு ஹோல் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்போது தவறு நம்மை ஏமாற்றும் பக்கம் சாயாது. வகுப்பில் பத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் டீச்சருக்கு, மணி அடிக்கும் கணத்தில் மட்டும் நிமிர்ந்து பார்க்கும் முறைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

என் மகள் நேற்று 10 தடவை கடித்தாள். அதிகமா?

எவ்வளவு நேரத்தில்?

அழுதால் ஃபோன் கொடுப்பதை நிறுத்தினோம். நான்கு நாளாகக் கிராஃப் ஏறுகிறது. விட்டுவிடலாமா?

வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் அழுகை ஏறுவது உண்டு. இப்போது கொடுத்தால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகும். அழாமல் கேட்க ஒரு வழியையும் கூடவே சொல்லிக்கொடுங்கள். தாத்தா ரகசியமாகக் கொடுக்கிறாரா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி வீடுகளில் கொடுக்கிறார். தன்னையோ பிறரையோ அடிக்கும் பிள்ளையானால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புள்ளியியல் படித்த ஒருவர்: கிராஃபைக் கண்ணால் பார்த்து "முன்னேற்றம்" என்பது கைரேகை ஜோசியம் மாதிரி இல்லையா? முன்னால் பத்து நாள், பின்னால் பத்து நாள், இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க ஒரு டி-டெஸ்ட். முடிந்தது.

சார், டி-டெஸ்டுக்கு அளவுகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே பிள்ளையின் நேற்றும் இன்றும் எப்படிச் சாராமல் இருக்கும்? ராத்திரி தூங்காதவன் மறுநாளும் சிணுங்குவான்.

சராசரியும் ஏமாற்றும். பயிற்சிக்கு முன் ஐந்து நாள் 10, 9, 8, 7, 6. தொடங்கியபின் 5, 4, 3, 2, 1. சராசரி 8-லிருந்து 3. உங்கள் டெஸ்ட் கைதட்டும். ஆனால் கோடு முன்பே அதே சரிவில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி எதையும் செய்ததாகத் தெரியவில்லை. ஜோசியம் என்கிறீர்களே, அந்தக் கண்ணுக்கு இது ஒரு நொடியில் தெரியும்.

அதே நபர்: சரி. ஆனால் ஒரே கிராஃபைப் பார்த்து இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், மறைக்க மாட்டேன். 1979-இல் நடத்தை ஆய்விதழ்களின் மதிப்பாய்வாளர்களிடமே கிராஃப்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குள் ஒத்துப்போன அளவு சராசரி 0.61தான் (முழுதாக ஒத்துப்போனால் 1). அதனால்தான் 2003-இல் ஃபிஷர் என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் ஒரு வழி சொன்னார்கள். பேஸ்லைனின் (பயிற்சிக்கு முந்தைய பதிவின்) சராசரிக் கோட்டையும் சரிவுக் கோட்டையும் பயிற்சிப் பகுதிக்குள் நீட்டி, எதிர்பார்க்கும் திசையில் திட்டவிலக்கத்தில் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கால்பங்கு நகர்த்தி, இரண்டையும் தாண்டிய புள்ளிகளை எண்ணுவது. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் இதைத்தான் பழக்குகிறேன்.

ஸ்பெஷல் எஜுகேட்டர், கோவை (நடுவில் புகுந்து): பயிற்சியை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

தெரியும். 'பழைய நிலைமை திரும்பினால் காரணம் பயிற்சிதான்' என்ற அந்த முறையை 1968-இல் ஏபிஏ முன்னோடிகளான பேர் (Baer), வுல்ஃப், ரிஸ்லி மூவரும் எழுதிய கட்டுரையிலேயே பார்க்கலாம். ஆனால் பிள்ளை அடிப்பதை விட்டுவிட்டான், ஒரு வாரம் மறுபடி அடிக்கட்டும் என்று எந்த அம்மாவிடம் போய்ச் சொல்வீர்கள்? அதே கட்டுரையில் இன்னொரு வழியும் உண்டு. பல் தேய்ப்பது, சட்டை போடுவது, தட்டு எடுத்துவைப்பது மூன்றையும் முதல் நாளிலிருந்தே அளந்து, பயிற்சியை மட்டும் வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்குவது. ஒவ்வொன்றும் தன் முறை வந்த பிறகே ஏறினால், அதைத் தற்செயல் என்று யாரும் தள்ள முடியாது. புள்ளியியல் சார், நீங்களும்தான்.

கைகளை உதறிக்கொண்டே இருக்கிறான். எப்படி எண்ணிக் குறைப்பது?

யாருக்கும் வலிக்கவில்லை, படிப்பும் கெடவில்லை என்றால் எண்ணாதீர்கள். உங்கள் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பது அவன் பிரச்சினை இல்லை.

சில விநாடி வெறித்துப் பார்க்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை.

வீடியோ எடுத்துக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போங்கள். இந்த வாரமே.

என் பையன் 15 தடவை...

தஞ்சாவூர் அம்மாவுக்குச் சொன்ன பதில்.

புள்ளியியல் சார், மறுபடி: என் அண்ணன் மகனின் பதிவை அனுப்பட்டுமா? கோடு போட்டுப் பார்க்கிறேன்.

அனுப்புங்கள். பயிற்சி தொடங்கிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு. அதைத் தாண்டிப் புள்ளிகளை இணைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள். அண்ணனிடம் கேட்காதீர்கள், உத்தேசமாகச் சொல்லுவார்.